ஃபோம் ‘நன்றி’ சொல்லும், செய்தி வந்து சேராது: வெப்சைட் வைத்திருக்கும் எங்கள் ஊர் ஆட்களுக்கு

 

இது நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து இரவில் வாசியுங்கள். ரூம் கொடுப்பவர்கள், கைட் வேலை செய்பவர்கள், பாடசாலை, பள்ளிவாசல், கோயில், நலன்புரிச் சங்கம் என்று எதற்காவது வெப்சைட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் என்றால் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிற மூன்று பேர். வெப்சைட் செய்வது எங்கள் தொழில் இல்லை. ஐ.சி.டி. பாடம் எடுப்பதால் ஆட்கள் வந்து கேட்பார்கள், எங்களுக்கும் பார்த்துக் கொடுக்க விருப்பம். கிட்டடியில் அப்படி மூன்று சைட் எங்களிடம் வந்தன. மூன்றிலும் பிரச்சினை ஒரே இடத்தில்தான்: ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று கீழே இருக்கும் அந்த ஃபோம். பெயர், ஈமெயில், செய்தி என்று மூன்று பெட்டி, அடியில் ஒரு பட்டன். பார்த்தால் சின்ன விசயம். அது வேலை செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுதுகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் செய்தது எதையும் இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின, வீடுகள் போயின, மலைநாட்டு ரயில் பாதை பல இடத்தில் உடைந்தது. அதற்குப் பிறகு எல்லவுக்கு வர நினைத்திருந்த ஒவ்வொரு வெளிநாட்டு ஆளுக்கும் ஒரே கேள்விதான் இருந்திருக்கும்: ‘பாதை திறந்திருக்கா? உங்கள் இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லையா? வரலாமா?’ பெரிய ஹோட்டல் என்றால் கோல் எடுத்துக் கேட்பார்கள். சின்ன ஹோம்ஸ்டே என்றால் சைட்டுக்குப் போய் ஃபோமில் எழுதிவிட்டுப் பதில் வரும் வரை காத்திருப்பார்கள்.

எங்களிடம் வந்தவர் ஐந்து ரூம் வைத்திருக்கும் ஒரு நானா. பெரிய புக்கிங் தளங்கள் ரூம் விலையில் கொமிஷன் எடுக்கின்றன, அதைக் குறைக்கத்தான் சல்லி கொடுத்துத் தனிச் சைட் செய்தார். ஒக்டோபரில் அந்தச் சைட்டை வேறு ஹொஸ்டிங்குக்கு மாற்றினார்கள். டிசம்பர் முழுக்க ஃபோமில் இருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ‘புயல் நேரம், யார் கேக்கப் போறாங்க’ என்று அவர் நினைத்தார். நாங்களும் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்போம். வருமானம் இல்லை என்று வேலைக்கு நின்ற தோட்டத்துப் பையனையும் நிப்பாட்டிவிட்டார்.

ஜனவரியில் முகநூல் வழியாக ஒரு வெளிநாட்டுப் பெண் அவருக்கு எழுதினார். ‘உங்கள் சைட்டில் மூன்று தரம் எழுதினேன். செய்தி கிடைத்தது என்று மூன்று தரமும் சொன்னது. பதில் இல்லாததால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று பயந்து தேடினேன்.’ அவர் அந்த நேரம் வேறு ஊரில் தங்கி முடித்து நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்.

நானா போனைக் கொண்டுவந்து காட்டினார். “பாருங்க சேர், கிடைச்சதெண்டு நன்றி சொல்லியிருக்கி. எனக்கு ஒண்டும் வரல்ல. இடையில எங்க போன?”

இடையில் எங்கே போனது என்பதுதான் இந்தப் பதிவு.

தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். லயத்தில் இருக்கிற பிள்ளைக்கு வரும் கடிதம் பல தோட்டங்களில் நேரே வீட்டுக்கு வராது. தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கே இருந்து யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். தபால்காரர் தன் வேலையைச் சரியாகச் செய்திருப்பார், கடிதம் ‘சேர்ந்தது’ என்றுதான் கணக்கு. நேர்முகப் பரீட்சைத் திகதி முடிந்த பிறகு பிள்ளையின் கைக்குக் கடிதம் வந்த கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. ஃபோமில் எழுதும் செய்தியும் இதே மாதிரி ஒவ்வொரு கையாக மாறித்தான் வருகிறது. முதலில் விருந்தாளியின் பிரவுசர் அதைச் சேர்வருக்குக் கொடுக்கும். சேர்வரில் இருக்கும் சின்ன புரோகிராம் அதை ஈமெயிலாக மாற்றும். அந்த ஈமெயிலைக் கூகுள் போன்ற கம்பனி ஏற்றுக்கொண்டு உங்கள் இன்பொக்ஸில் போடும். மூன்று கைமாற்றம். இந்த மூன்றில் எது உடைந்தாலும் ‘நன்றி’ மட்டும் தவறாமல் வரலாம், ஏனென்றால் நன்றி சொல்வது முதல் இரண்டு கைகளில் ஒன்று. உங்கள் இன்பொக்ஸைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

முதலாவது கை: முகவரி.

நானாவின் சைட்டைக் கணினியில் குரோமில் திறந்து எஃப்12 பட்டனை அழுத்தினோம். அதில் நெட்வேர்க் என்ற பகுதி இருக்கும். அங்கே ‘பிரிசேர்வ் லொக்’ என்பதற்குச் சரி போட்டுவிட்டு ஃபோமை நிரப்பி அனுப்பினோம். அந்தச் சரி போடாவிட்டால் பக்கம் மாறும்போது முந்திய வரிகள் அழிந்துவிடும், பிரச்சினை கண்ணுக்குப் படாது. இப்போது மூன்று வரி வந்தது. முதல் வரியில் போஸ்ட், 301. இரண்டாவதில் கெட், 302. மூன்றாவதில் கெட், 200, அதுதான் நன்றிப் பக்கம்.

விசயம் தெரிந்தவர்களுக்கு அந்த முதல் வரியே போதும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். ‘போஸ்ட்’ என்றால் பிரவுசர் ஒரு பொதியைக் கொண்டுபோய்க் கொடுப்பது, விருந்தாளி எழுதிய பெயரும் செய்தியும் அந்தப் பொதிக்குள் இருக்கும். ‘கெட்’ என்றால் வெறுங்கையோடு போய் ஒரு பக்கத்தைக் கேட்பது. 301 என்றால் ‘இந்த இடம் நிரந்தரமாக மாறிவிட்டது, அந்த முகவரிக்குப் போங்கள்’ என்று சேர்வர் சொல்லும் பதில். எந்தப் பிரவுசரும் போஸ்ட் செய்து 301 பதில் வாங்கினால், புது முகவரிக்குப் போகும்போது அதைக் கெட் ஆக மாற்றிவிடும். பழைய வாசலில் பொதியை விட்டுவிட்டுப் புது வாசலுக்குக் கையை வீசிக்கொண்டு போகிற மாதிரி. ஆரம்பகாலப் பிரவுசர்கள் இப்படிச் செய்யப் பழகிவிட்டன, பிறகு விதிகளை எழுதியவர்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பொதியோடு போகச் சொல்வதற்காக 1999இல் 307 என்ற எண்ணும், 2014இல் 308 என்ற எண்ணும் தனியாகக் கொண்டுவரப்பட்டன. பெரும்பாலான ஹொஸ்டிங்கில் இன்றும் சும்மா போடுவது 301தான்.

ஏன் முகவரி மாறியது? முந்தி சைட்டுகள் வெறும் எச்டிடிபியில் ஓடின. 2018 ஜூலையில் வந்த குரோம் 68 முதல், பூட்டில்லாத எல்லாச் சைட்டுக்கும் மேலே ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் காட்டத் தொடங்கியது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கில்லாத அமைப்பு அதற்கு முன்பிருந்தே பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகக் கொடுத்து வந்தது. ஆகவே உலகம் முழுக்க எல்லோரும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினார்கள். மாறுவது நல்லது, மாறத்தான் வேண்டும். ஆனால் சைட் மாறும்போது உள்ளே எழுதி வைத்த பழைய முகவரிகள் தாமாக மாறாது. நானாவின் ஃபோமுக்குள் ‘எச்டிடிபி’ என்றும் முன்னால் மூன்று டபிள்யூவும் போட்டுப் பழைய முழு முகவரியை எழுதியிருந்தார்கள். புதுச் சைட் எச்டிடிபிஎஸ், மூன்று டபிள்யூ இல்லை. ஆகவே ஒவ்வொரு செய்தியும் பழைய வாசலுக்குப் போய், 301 வாங்கி, பொதியைப் போட்டுவிட்டுத் திரும்பியது.

அப்படியானால் ‘நன்றி’ எப்படி வந்தது? சேர்வரில் இருந்த பீஎச்பி புரோகிராமைத் திறந்து பார்த்தோம். அதில் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: ‘போஸ்ட் வந்தால் மெயில் அனுப்பு.’ அடுத்த வரி: ‘நன்றிப் பக்கத்துக்குப் போ.’ அந்த இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்குள்ளும் இல்லை. வெறுங்கையோடு வந்தவருக்கும் அது நன்றி சொன்னது. அந்த வரியை நிபந்தனைக்குள் போட்டு, மெயில் அனுப்ப முடியாவிட்டால் ‘செய்தி போகவில்லை, இந்த வாட்ஸ்அப் இலக்கத்துக்கு எழுதுங்கள்’ என்று காட்டும்படி மாற்றினோம்.

முகவரியைத் திருத்துவது இன்னும் சுகம். ஃபோமுக்குள் சைட்டின் முழுப் பெயரை எழுதவே தேவையில்லை. ஒரு ஸ்லாஷ் போட்டு அதற்குப் பிறகு உள்ள பாதையை மட்டும் எழுதினால் போதும். சைட் எந்தப் பெயரில் திறந்திருக்கிறதோ அதே பெயருக்குப் பிரவுசர் அனுப்பும். வேர்ட்பிரஸ் பாவிப்பவர்கள் செட்டிங்ஸில் ஜெனரல் என்ற பக்கத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு முகவரி இருக்கும், ஒன்று வேர்ட்பிரஸ் முகவரி, மற்றது சைட் முகவரி. இரண்டிலும் எச்டிடிபிஎஸ் இருக்க வேண்டும். மூன்று டபிள்யூ ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருக்க வேண்டும். அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து ஒன்றும் நடக்காவிட்டால், பெரும்பாலும் இந்த முகவரி பிசகியிருக்கும், அல்லது ஏதாவது பாதுகாப்பு பிளகின் உள்வழியை மறித்திருக்கும். பிளகின்களை ஒவ்வொன்றாக நிப்பாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது கை: ஈமெயில்.

முகவரியைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அனுப்பிப் பார்த்தால் இன்னும் ஒன்றும் வரவில்லை. எஃப்12இல் எல்லாம் பச்சை. இந்த இடத்தில் ஒரு விசயம் நினைவில் இருக்கட்டும். பீஎச்பியில் மெயில் அனுப்பும் கட்டளை ‘சரி’ என்று பதில் சொன்னால், சேர்வர் அதை அனுப்புவதற்காக ஏற்றுக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம் இல்லை. தோட்டக் காரியாலயத்துக் கணக்கு மாதிரித்தான் இதுவும்.

புரோகிராமில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் விருந்தாளி எழுதிய ஈமெயில் முகவரியையே போட்டிருந்தார்கள். நானாவுக்கு வசதியாக இருக்கட்டும், ரிப்ளை அழுத்தினால் நேரே விருந்தாளிக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கூகுளின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? யாஹூ முகவரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, யாஹூவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஹொஸ்டிங் சேர்வரில் இருந்து ஒரு கடிதம் வருகிறது. கள்ளக் கையெழுத்து மாதிரி. 2014 ஏப்ரலிலேயே யாஹூ, ‘எங்கள் பெயரில் வேறு இடத்தில் இருந்து வரும் மெயிலைத் தள்ளிவிடுங்கள்’ என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டது. அதற்குப் பெயர் டிமார்க். 2024 பெப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹூவும் இன்னும் இறுக்கிவிட்டன. தினமும் ஆயிரக்கணக்கில் அனுப்புபவர்களுக்குத்தான் கடும் விதி, ஆனால் நாளுக்கு ஒன்று அனுப்புகிற சின்னச் சைட்டும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். என்ற இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எஸ்.பி.எஃப். என்றால் ‘எங்கள் சைட்டின் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சேர்வர்களுக்குத்தான் அனுமதி’ என்று உங்கள் டொமைனின் டி.என்.எஸ்.இல் எழுதி வைக்கும் ஒரு வரி. டி.கே.ஐ.எம். என்றால் ஒவ்வொரு மெயிலிலும் சேர்வர் குத்தும் முத்திரை. இரண்டும் ஹொஸ்டிங் பக்கத்திலேயே இருக்கும், பல இடங்களில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஹொஸ்டிங் மாறும்போது அந்த வரியும் மாற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்: சைட் புது இடத்தில் இருக்கும், அனுமதி வரி பழைய சேர்வரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நாங்கள் செய்தது இதுதான். அனுப்புநர் என்ற இடத்தில் சைட்டின் சொந்த டொமைனில் உள்ள ஒரு மெயில் முகவரியைப் போட்டோம். விருந்தாளியின் முகவரியை ‘ரிப்ளை டு’ என்ற இடத்துக்கு மாற்றினோம். நானா ரிப்ளை அழுத்தினால் முந்தி மாதிரியே விருந்தாளிக்குத்தான் போகும். பீஎச்பியின் சும்மா மெயில் கட்டளையை விட்டுவிட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போகும் எஸ்.எம்.டி.பி. வழியில் 587ஆம் போர்ட்டால் அனுப்ப வைத்தோம். ஜிமெயில் கணக்கு மூலம் அனுப்புபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2022 மே 30க்குப் பிறகு உங்கள் சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டைப் போட்டால் வேலை செய்யாது. இரண்டு படிச் சரிபார்ப்பை ஓன் பண்ணி, அதற்குள் ‘ஆப் பாஸ்வேர்ட்’ என்று 16 எழுத்தில் ஒன்று எடுத்துத்தான் போட வேண்டும்.

அஸருக்குப் பிறகு உட்கார்ந்த வேலை, இஷாவுக்கு முன் நானாவின் போனில் முதல் மெயில் வந்தது. எங்கள் சோதனை மெயில்தான். அதையே அவர் இரண்டு தரம் திறந்து பார்த்தார்.

மூன்றாவது கை: எழுத்து.

இது ஒரு பழைய மாணவர் சங்கத்தின் சைட். உயர்தரப் பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கொடுக்க விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பங்கள் ஒழுங்காக வந்தன. தமிழில் எழுதியவை எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக வந்திருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கேள்விக்குறி, விலாசத்தில் பதினைந்து. யாரோ விளையாடுகிறார்கள் என்று சங்கத்தில் ஒருவர் அவற்றில் சிலதை அழித்தும்விட்டார்.

யாரும் விளையாடவில்லை. அந்தச் சைட்டின் டேட்டாபேஸ் பழைய லத்தீன் எழுத்து முறையில் அமைந்திருந்தது. அதற்குத் தமிழ் எழுத்தே தெரியாது, சிங்களமும் தெரியாது. தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி ஒன்றைப் போட்டு வைத்துவிடும். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தமிழுக்குப் பதிலாக மேலே கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து வந்தால் செய்தி இன்னும் உயிரோடு இருக்கிறது, பிழையான கண்ணாடியால் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அதைத் திரும்ப எடுக்கலாம். கேள்விக்குறியாகவே சேமித்திருந்தால் எழுத்து போய்விட்டது, யாராலும் எடுக்க முடியாது.

டேட்டாபேஸ், அட்டவணை, இணைப்பு மூன்றையும் யூ.டி.எஃப்.-8க்கு மாற்றினால் போதும், மைஎஸ்கியூஎல்லில் கடைசியில் ‘எம்பி4’ என்று வருவதைத் தெரிவு செய்யுங்கள். அரை மணித்தியால வேலை. ஆனால் அந்தக் கேள்விக்குறிப் பிள்ளைகள் யார் என்று இப்போது கண்டுபிடிக்க வழி இல்லை. தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த பிள்ளைதான் அந்த உதவி அதிகம் தேவைப்பட்ட பிள்ளையாகவும் இருந்திருக்கும். சங்கம் திகதியை நீட்டித்து லயங்களுக்கு ஆள் அனுப்பிச் சொன்னது. அது நல்ல முடிவு.

மூன்றாவது சைட்டில் நிலைமை தலைகீழ். ஒரு வகுப்பு நடத்துபவர்களின் சைட். செய்தி ஒழுங்காக வந்தது, ஆனால் அனுப்பியவருக்கு ‘404, பக்கம் இல்லை’ என்று காட்டியது. ஆகவே பெற்றோர் ஒரே செய்தியை நாலு, ஐந்து தரம் அனுப்பினார்கள், பிறகு கோபப்பட்டார்கள். காரணம் நன்றிப் பக்கத்தின் தமிழ்ப் பெயர். பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுதுவது தாராளமாகச் செய்யலாம். 2010இல் இருந்தே ‘.இலங்கை’ என்று தமிழில் முடியும் டொமைனும் எங்கள் நாட்டுக்கு இருக்கிறது. ஆனால் உள்ளுக்குள் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், முகவரியில் அது ஒன்பது குறியீடாக விரியும். ‘நன்றி’ என்ற சொல்லில் ‘ன்’ என்பதற்கே புள்ளியோடு இரண்டு குறி. வேர்ட்பிரஸ் பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 குறியீடு இடம்தான் வைத்திருக்கிறது, ஆகவே ஏறக்குறைய 22 தமிழ்க் குறிக்குப் பிறகு வெட்டிவிடும். இவர்கள் பக்கத்துக்கு நீண்ட தமிழ்த் தலைப்பு வைத்து, ஃபோமில் அந்த முழுத் தலைப்பையும் கையால் எழுதியிருந்தார்கள். வெட்டப்பட்ட முகவரியும் எழுதிய முகவரியும் பொருந்தவில்லை. பக்கத்தின் பெயரை ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல்லாக்கியதும் சரியாகிவிட்டது.

இனி நானாவின் கதைக்கு வருகிறோம். எல்லாம் சரிசெய்த பிறகு அவர் கேட்டார்: “அப்ப டிசம்பர்ல எழுதின ஆக்கள எடுக்க ஏலுமா சேர்?”

சேர்வரில் ஒரு பதிவேடு இருக்கும். எந்த நேரம் யார் கதவைத் தட்டினார் என்று ஒவ்வொரு வரியாக எழுதி வைக்கும். நல்ல வேளை, மாதப் பதிவேடுகளைச் சேமித்து வைக்கும் செட்டிங் அவருடைய ஹொஸ்டிங்கில் ஓனில் இருந்தது. திறந்து பார்த்தோம். போஸ்ட், 301 என்று ஒவ்வொரு தட்டலும் திகதியோடும் மணியோடும் இருந்தது. புயலுக்கு அடுத்த கிழமையில்தான் அதிகம். அதில் சிலது ஸ்பேம் அனுப்பும் பொட்டுகள், அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் மனிதர் என்று சொல்லக்கூடிய வரிகள் நிறைய மிஞ்சின. ஆனால் அந்தப் பதிவேடு பொதிக்குள் இருப்பதை எழுதுவதில்லை. பெயர் இல்லை, ஈமெயில் இல்லை, என்ன கேட்டார்கள் என்பதும் இல்லை. இரவு 11.40க்கு ஒரு ஆள், விடிய 4 மணிக்கு ஒரு ஆள், அவ்வளவுதான்.

நானா கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆக்கள் வந்திருக்காங்க. நான்தான் யாருமே வரல்லயெண்டு பொடியன அனுப்பிட்டேன்” என்றார். அந்தப் பையன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். சீசன் திரும்பினால் கூப்பிடுவதாக நானா சொல்லியிருக்கிறார். வருவானா என்று தெரியாது.

ஆகவேதான் பிரதி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறோம். செய்தியை ஈமெயில் அனுப்புவதற்கு முன்பே டேட்டாபேஸில் எழுதி வைக்கும்படி ஃபோமை அமைக்கலாம். வேர்ட்பிரஸில் அதற்கு இலவச பிளகின்கள் உண்டு. மெயில் தவறினாலும் செய்தி இருக்கும். பெரிய இடத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச ஈமெயில்களுக்குப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் மெயில்களும் அதில் அடக்கம். நாட்டை நடத்துகிற காரியாலயத்துக்கே மூன்று மாதத்துக்கு மேலான கடிதங்கள் போயின. ஐந்து ரூம் வைத்திருக்கும் நாங்கள் எம்மட்டு கவனமாக இருக்க வேண்டும்?

இந்தச் சைட்டுகளைச் செய்து கொடுத்தவர்கள் யார் என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம். ஒரு ஆளைத் திட்டுவதால் மற்றச் சைட்டுகள் சரியாகப் போவதில்லை. ஆனால் சைட் செய்யக் கொடுப்பவர்கள் சல்லி கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள்: “எனக்கு முன்னால் இந்த ஃபோமை அனுப்பிக் காட்டுங்க, என் போனில் மெயில் வரட்டும்.” கட்டடம் கட்டினால் டெப்பைத் திறந்து தண்ணி வருகிறதா என்று பார்த்துத்தானே பாக்கிச் சல்லியைக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, திறப்பு யார் கையில் இருக்கிறது? டொமைன் யார் பெயரில் பதிந்திருக்கிறது, ஹொஸ்டிங் பாஸ்வேர்ட் யாரிடம், செய்தி எந்த ஈமெயிலுக்குப் போகிறது? பாடசாலைச் சைட் என்றால் இடமாற்றம் வாங்கிப் போன அதிபரின் சொந்த ஜிமெயிலுக்கு இன்னும் மெயில் போய்க்கொண்டிருக்கலாம். பள்ளிவாசல் என்றால் முந்திய நிர்வாகத்தில் இருந்த ஒருவரிடம் பாஸ்வேர்ட் இருக்கலாம். எங்களை நம்பி ஒருவர் எழுதிய செய்தி எங்களிடம் கொடுத்த அமானிதம். அது சரியான கைக்குப் போகிறதா என்று பார்ப்பது பொறுப்பில் இருப்பவரின் கடமை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஐந்து நிமிட வேலை.

1. வைஃபையை ஓஃப் பண்ணி, போன் டேட்டாவில் உங்கள் சைட்டைத் திறந்து ஃபோமில் ஒரு செய்தி அனுப்புங்கள். எழுதும் ஈமெயில் முகவரி உங்கள் வழக்கமான முகவரியாக இருக்க வேண்டாம், வீட்டில் வேறு ஒருவருடையதைப் போடுங்கள்.

2. செய்தியில் ஒரு வரி தமிழ், ஒரு வரி சிங்களம், ஒரு வரி ஆங்கிலம் எழுதுங்கள்.

3. சைட்டின் பெயரை நாலு விதமாக எழுதித் திறந்து பாருங்கள்: எச்டிடிபியோடு, எச்டிடிபிஎஸ்ஸோடு, மூன்று டபிள்யூவோடு, அது இல்லாமல். நாலும் கடைசியில் ஒரே முகவரியில் போய் நிற்க வேண்டும்.

4. இன்பொக்ஸில் வந்ததா பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்பேமில் பாருங்கள். ஸ்பேமில் இருந்தால் இரண்டாவது கை, எங்குமே இல்லாவிட்டால் முதலாவது அல்லது இரண்டாவது, கேள்விக்குறி வந்தால் மூன்றாவது.

5. வந்த மெயிலுக்கு ரிப்ளை அழுத்திப் பாருங்கள். விருந்தாளியின் முகவரிக்குப் போக வேண்டும், உங்களுக்கே திரும்பி வரக்கூடாது.

6. ஃபோமுக்குக் கீழே வாட்ஸ்அப் இலக்கத்தைக் கட்டாயம் போடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இதைச் செய்யுங்கள். ஹொஸ்டிங் மாற்றினால் அன்றைக்கே செய்யுங்கள்.

உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். பீஎச்பியும் வலை அபிவிருத்தியும் அவர்களின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மேலே சொன்ன எதையும் ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள், பரீட்சைக்கும் உதவும்.

விளங்காத இடம் இருந்தால் கீழே கேளுங்கள். சைட்டின் பாஸ்வேர்டைக் கொமண்டில் போட வேண்டாம், இன்பொக்ஸிலும் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் லெப்டொப்பைக் கொண்டு நேரில் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். சல்லி ஒன்றும் தேவையில்லை, பிளேன்டீ நாங்கள் ஊற்றித் தருவோம்.

மலைக்குக் கீழே வாழும் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ரூம் வைத்திருக்கும் உங்கள் நண்பர்களுக்கு இதை ஷேர் பண்ணிவிடுங்கள்.